உடற்பருமனும் இன்சுலின் எதிர்ப்பும்: திருகோணமலைச் சமையலறைக்கு ஒரு குறைந்த கிளைசீமிக் வழிகாட்டி

காலையில் இடியப்பமும் சொதியும். பத்து மணிக்கு ஒரு ரோல்ஸும் பால்தேத்தண்ணியும். மத்தியானம் தட்டு நிறையச் சோறு, பின்னேரம் ஒரு பணிஸ், இரவு புட்டு அல்லது பாண். பார்த்தால் ஐந்து வேளையும் வேறு வேறு சாப்பாடு. கணையத்துக்கு எல்லாம் ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் மாச்சத்து, அதிலும் பாதிக்கு மேல் நைசாக அரைத்த மா.

இணையத்தில் தேடினால் வரும் குறைந்த கிளைசீமிக், அதாவது இரத்தச் சீனியை மெதுவாக ஏற்றும், உணவுப் பட்டியல்கள் கினோவா, பார்லி, புளூபெரி என்று நீளும். சந்தையில் கௌபியும் சூடை மீனும் முருங்கையிலையும் இருக்கும்போது அந்தப் பட்டியலுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. இன்னொன்று: "சிவப்பரிசிக்கு மாறிவிட்டேன், ஆனால் சீனி இறங்கவில்லை" என்பவர்கள் இங்கே ஏராளம். திருத்த வேண்டியது அரிசியின் நிறத்தை அல்ல. மாவைக் குறைத்து முழுமணியைக் கூட்டவேண்டும், சோற்றை அளக்கவேண்டும், அதோடு என்ன சாப்பிடுகிறோம் என்பதை மாற்றவேண்டும். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் பற்றியது.

கிளைசீமிக் குறியீடு: அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

கிளைசீமிக் குறியீட்டை 1981இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் கொண்டுவந்தார்கள். செரிக்கக்கூடிய மாச்சத்து 50 கிராம் வரும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணிநேரம் இரத்தத்தில் சீனி எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். வெறும் குளுக்கோஸ் 50 கிராம் குடித்தால் ஏறுவது 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55 அல்லது அதற்குக் கீழே குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70உம் அதற்கு மேலும் அதிகம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணப் பட்டியல்களில் அவித்த உருளைக்கிழங்கு 78 அளவில் நிற்கும், பொரித்த உருளைக்கிழங்குச் சிப்ஸ் 56 அளவில். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் சிப்ஸின் எண் குறைகிறது. அதற்காகச் சிப்ஸ் பக்கற் ஒன்றை எடை குறைக்கும் சாப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐஸ்கிறீம் 51, சொக்லேற் 40. பழச்சீனியான பிரக்டோஸ் 15 மட்டுமே, ஆனால் பானங்களில் கலந்து அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் ஈரலில் கொழுப்புச் சேரும். உடற்பருமன் உள்ளவர் எண்ணை மட்டும் பார்த்துச் சாப்பிட்டால் ஏமாந்து போவது இப்படித்தான்.

ஆகவே அளவையும் சேர்த்துப் பார்க்கும் கிளைசீமிக் சுமைதான் கூடுதலாக உதவும். குறியீட்டை, தட்டில் உள்ள மாச்சத்தின் கிராம் அளவால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். ஒரு பரிமாறலுக்கு 10 வரை குறைவு, 20க்கு மேல் அதிகம். வத்தகப்பழத்தின் குறியீடு 76, கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் 120 கிராம் துண்டில் மாச்சத்து 9 கிராம்தான், சுமை 7. இனிச் சோற்றைப் பாருங்கள். அவித்த வெள்ளைச்சோறு 150 கிராமில் மாச்சத்து ஏறக்குறைய 42 கிராம். குறியீடு 73 என்றால் சுமை 31. அதே தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் 75 கிராம் அவித்த கடலை போட்டால் சோற்றுக்கு 15, கடலைக்கு 4, மொத்தம் 20க்குள் நிற்கும். வயிறு அதே அளவு நிறையும், பசி இன்னும் பிந்தித்தான் வரும்.

உடம்புக்குள் நடப்பது

வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்புச் சேரச் சேர, இன்சுலின் சொல்வதைத் தசையும் ஈரலும் கேட்பதில்லை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் இன்னும் கூடச் சுரந்து ஈடுகட்டும். வருடக்கணக்கில் இரத்தச் சீனி சாதாரணமாகவே இருக்கும், உள்ளே இன்சுலின் மட்டும் உயர்ந்து நிற்கும். கணையம் களைக்கும்போதுதான் சீனி வருத்தம் பரிசோதனையில் தெரியவரும். இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் காலையில் சீனி உயர்ந்திருப்பது ஏன் என்று பலர் குழம்புவார்கள். இன்சுலினுக்கு அடங்காத ஈரல் இரவில் தானே குளுக்கோஸை வெளியே விடுகிறது, அதுதான் காரணம்.

அளவுநாடா ஒன்று எடுத்துத் தொப்புள் மட்டத்தில், மூச்சை வெளியே விட்டபின் இடுப்பை அளவுங்கள். தென்னாசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றரும் பெண் என்றால் 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கைக் கோடு. உடல் நிறைச் சுட்டெண்ணிலும் (கிலோ எடையை மீற்றர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்துத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அதிக ஆபத்து. கழுத்தின் பின்புறத்திலும் கமக்கட்டிலும் தேய்த்தாலும் போகாத, வெல்வெற் போன்ற கருமை தெரிந்தால் அது ஊத்தை அல்ல. இன்சுலின் எதிர்ப்பின் வெளி அடையாளமாக அது பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளிடமும் இதைக் காணலாம்.

வெறுவயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி இரத்தப் பரிசோதனை 5.7 முதல் 6.4 வீதம் வரை இருந்தால், நீரிழிவுக்கு முந்திய நிலை. இந்தக் கட்டத்தில் செய்யும் வேலைக்குத்தான் பலன் அதிகம். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 வீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 58 வீதம் குறைந்தது. 85 கிலோ உள்ளவருக்கு 7 வீதம் என்பது 6 கிலோ. எட்டமுடியாத இலக்கு அல்ல.

முதலில் குடிப்பதைத் திருத்துங்கள்

சாப்பாட்டில் கைவைக்க முன் மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும், வாயில் போனது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். தேத்தண்ணியில் போட்ட கரண்டி முதற்கொண்டு. ஏமாற்று வருவது இங்கேதான்: "ரெண்டு கரண்டி" என்று சொல்பவர் போடுவது குவித்த இரண்டு கரண்டி. மட்டமாக வழித்த தேக்கரண்டியில் சீனி 4 கிராம், குவித்ததில் 6 முதல் 7 கிராம். நாளுக்கு நாலு தேத்தண்ணி என்றால் 50 கிராமைத் தொட்டுவிடும். டின்பாலில் பாதிக்கு மேல் சீனிதான். கரைத்துக் குடிக்கும் மோல்ட் பான மாவகைகள் "சத்துப் பானம்" என்ற பெயரில் வீட்டுக்குள் வந்தாலும் அவற்றிலும் சீனி உண்டு.

வாரத்துக்கு ஒரு கப்புக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்துபவர்களில் பலர் பத்தாம் நாள் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். பிளேன்டீக்கு ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி கடித்துக் குடிப்பது, சீனியை அள்ளிப் போடுவதைவிடப் பரவாயில்லை, காரணம் துண்டு சின்னது என்பது மட்டும்தான். பனங்கட்டியிலும் கித்துள் பாணியிலும் பெரும்பகுதி சீனியே. "சீனி வருத்தக்காரருக்கு நல்லது" என்று விற்பதை நம்பி அளவைக் கூட்ட வேண்டாம்.

சோடா, பக்கற் ஜூஸ் போத்தல்களில் 2016 முதல் சீனிக்கு நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 400 மில்லிலீற்றர் போத்தலில் சிவப்பு என்றால் குறைந்தது பத்துப் பதினொரு கரண்டி சீனியைக் குடிக்கிறீர்கள். மஞ்சளையும் நல்லது என்று நினைக்க வேண்டாம், 10 கிராம் உள்ளதற்கும் மஞ்சள்தான். உப்புவெளி, நிலாவெளி வெயிலில் தாகத்துக்கு மோர், தேசிக்காய்த் தண்ணி உப்புப் போட்டு, அல்லது வெறும் தண்ணி. இளநீர் குடிக்கலாம், நாளுக்கு ஒன்று, அன்றைக்கு ஒரு பழத்தைக் குறைத்துக்கொண்டு.

சோறு: வகை, வேக்காடு, அளவு

தம்பலகாமத்திலும் கந்தளாய்க் குளத்து நீரிலும் நெல் விளையும் மாவட்டத்தில் சோற்றை விடு என்று சொல்வது நடக்காத காரியம். விடவும் தேவையில்லை.

அரிசி வாங்கும்போது மூன்று விடயம் பாருங்கள். ஒன்று, புழுங்கலா பச்சையா. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது மாச்சத்து முதலில் இளகி, பிறகு ஆறும்போது இறுகிச் செரிக்கக் கடினமாகிறது. அதனால் புழுங்கல் அரிசி பொதுவாகப் பச்சையரிசியைவிட மெதுவாகச் சீனியை ஏற்றும். இரண்டு, தவிடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது. "சிவப்பு" என்று எழுதிய பக்கற்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மணி முழுவதும் ஒரே செந்நிறமாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் தவிடு உண்டு. இளஞ்சிவப்புக் கோடுகள் மட்டும் தெரிந்து மிச்சம் வெள்ளையாக மினுங்கினால் அது தீட்டிய அரிசி, வெள்ளைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று, வெந்தபின் மணிமணியாக நிற்கிறதா, ஒட்டுகிறதா. உதிரியாக நிற்கும் அரிசியில் அமைலோஸ் என்ற மாச்சத்து வகை கூட, அது மெதுவாகச் செரிக்கும். குழைந்து ஒட்டும் அரிசி நேர்மாறு. சிவப்புப் புழுங்கல், குத்தரிசி, உதிரியாக வேகும் நாட்டரிசி: இந்த ஒழுங்கில் தேர்ந்தெடுங்கள்.

வேக்காட்டிலும் விடயம் இருக்கிறது. குழைய வெந்த சோறு வேகமாக ஏறும். றைஸ் குக்கரில் வழக்கத்தைவிடக் கால் கப் தண்ணி குறைத்துப் பாருங்கள், மணியின் நடுவில் மிகச் சிறிய உறுதி இருக்கட்டும். கஞ்சி வடித்தால் சீனி எல்லாம் போய்விடும் என்பது பெரும்பாலும் மனஆறுதல். தண்ணியோடு போகும் மாச்சத்து சிறிதளவே, தட்டில் நிற்பது அதே சோறு.

தேங்காய் எண்ணெய் விட்டுச் சோறாக்கிக் குளிரவைக்கும் முறை உங்கள் வட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் இலங்கை ஆய்வாளர்கள் முன்வைத்தது அது: கொதிதண்ணியில் தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அரைக் கப் அரிசி, வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் 12 மணிநேரம். செரிக்காத மாச்சத்து கூடுகிறது என்பது சரி. ஆனால் அது ஆய்வுகூடத்தில் பார்த்த ஆரம்ப முடிவு. "பாதிக் கலோரி போய்விடும்" என்று நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டால் விளைவு தலைகீழ். குளிர்ந்து மறுபடி சூடாக்கிய சோறு கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். செய்வதானால், இறக்கியதும் அகன்ற தட்டில் பரப்பி, ஒரு மணிநேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். எங்கள் வெப்பத்தில் சட்டியோடு மூடி இரவு முழுக்க வெளியே விட்டால், சூடாக்கினாலும் அழியாத நஞ்சை விடும் பக்ரீரியா அதில் பெருகும். மறுநாள் ஆவி பறக்க ஒரேயொரு தடவை சூடாக்குங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

இனி அளவு. இதுதான் மிச்சம் எல்லாவற்றையும்விட முக்கியம். 200 மில்லிலீற்றர் தேத்தண்ணிக் கப் ஒன்றில் அழுத்தாமல் மட்டமாக நிரப்பிய சோறு ஏறக்குறைய 150 கிராம். எடை குறைக்க வேண்டிய பெண்ணுக்கு மத்தியானம் முக்கால் கப், ஆணுக்கு ஒரு கப், உடல் உழைப்பு அதிகமானால் ஒன்றரைக் கப் என்று தொடங்குங்கள். முதல் வாரத்தில் இது கண்ணுக்குப் போதாது. அகப்பையால் போடாமல் கப்பால் அளந்து தட்டில் கவிழ்த்துவிட்டு, சோற்றுச் சட்டியை மேசையில் வைக்காமல் குசினியிலேயே விட்டுவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் போடுறன்" என்று கேட்கும் அம்மாவுக்கும் மாமிக்கும் மரக்கறிச் சட்டியை நீட்டுங்கள். மறுக்கவும் வேண்டாம், கோபிக்கவும் மாட்டார்கள்.

கடலை, பயறு, கௌபி: சோற்றின் பாதி இடம்

குறைந்த கிளைசீமிக் சாப்பாட்டின் முதுகெலும்பு சிவப்பரிசி அல்ல, இவைதான். கடலையின் குறியீடு 28, பருப்பு 32 அளவில். முழுமணியாக இருப்பதால் தோலும் நாரும் செரிமான நீரை உள்ளே விடாமல் தாமதிக்கின்றன. பருப்பைக் கரைய விட்டுத் தண்ணிப் பருப்பாக்கி, சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் அந்தப் பலனில் பாதி போய்விடும். போதாக்குறைக்கு, அந்தத் தண்ணி கூடுதல் சோற்றையும் இழுக்கும். கட்டியாக, மணி தெரிய எடுங்கள்.

கடலை 8 மணிநேரம், கௌபி 6, முழுப்பயறு 4 மணிநேரம் ஊறவேண்டும். இந்த வெப்பத்தில் கடலைத் தண்ணியை நடுவில் ஒருமுறை மாற்றாவிட்டால் நுரைத்துப் புளித்த மணம் வரும். ஊறிய தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் அவியுங்கள், வயிற்றூதல் குறையும். அப்பச்சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் கூழாகும், வேண்டாம். காய்ந்த கடலை 50 கிராம் வெந்தால் 110 கிராம் அளவு வரும், ஒருவருக்கு ஒருவேளைக்குத் தாராளம். ஞாயிறு அரைக்கிலோ அவித்து, ஆறியதும் ஒருவேளைக்கு ஒரு பை என்று உறைய வைத்தால் வேலைக்குப் போகும் வீட்டிலும் நடைமுறைக்கு வரும்.

பருப்பு வகை பழகாதவர் முதல் நாளே ஒரு கப் சாப்பிட்டால் இரவு முழுக்க வயிறு பொருமி, "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று நிறுத்திவிடுவார். முதல் வாரம் நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி, இரண்டாம் வாரம் கால் கப், பிறகு அரைக் கப்.

புட்டு, இடியப்பம், பாண்

சீனக்குடாவில் பிரிமா மா ஆலை நிற்கும் ஊர் இது. கோதுமை மா எங்கள் காலையையும் பின்னேரத்தையும் எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறது என்று பார்க்க எந்தத் தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியும் போதும். பாணின் குறியீடு 75 அளவில். தவிட்டுப் பாண் என்று கூடக் காசு கொடுத்து வாங்கும் முழுக்கோதுமைப் பாணும் 74 அளவில்தான், மா நைசாக அரைபட்டால் தவிடு இருந்தும் பெரிய தடையில்லை. கால் றாத்தல் பாணில் மாச்சத்து 55 கிராம் அளவு, ஒரு கப் சோற்றைவிடக் கூட. பாண்தான் கிடைக்கும் என்றால் இரண்டு துண்டு, அதோடு இரண்டு முட்டை அல்லது கட்டிப் பருப்பு, ஒரு பிடி வல்லாரைச் சம்பல்.

குரக்கன் என்றாலே குறைவு என்பதும் சரியில்லை. நார் அதிகம், கல்சியம் அதிகம், அது உண்மை. ஆனால் நைஸ் மாவாகக் காய்ச்சிய குரக்கன் கஞ்சி வேகமாகவே ஏறும். அதே மாவில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுத் தடித்த ரொட்டியாகச் சுட்டால் நிலைமை கொஞ்சம் நல்லது. ஓட்ஸும் அப்படித்தான்: தட்டையாக்கிய ஓட்ஸ் 55, உடனடி ஓட்ஸ் தூள் 79.

இடியப்பம் ஐந்து ஏறக்குறைய ஒரு கப் சோற்றுக்குச் சமம். எட்டு, பத்து என்று போவது சாதாரணம், இலேசாக இருப்பதால் கணக்குத் தெரிவதில்லை. மூன்றோடு நிறுத்தி, சொதிக்குப் பதில் மீன் குழம்பும் அவித்த பயறும் வைத்துக்கொள்ளுங்கள்.

புட்டைத் திருத்துவது மிகச் சுலபம். மூன்று பேருக்கு: வறுத்த சிவப்பரிசி மா ஒரு கப், மணி உடையாமல் அவித்த முழுப்பயறு அரைக் கப், பொடியாக அரிந்த முருங்கையிலை ஒரு கப், தேங்காய்ப்பூ கால் கப். மாவை உப்புத் தண்ணியில் பெரிய குறுணலாகக் குழைத்து, பிறகு பயறையும் இலையையும் கலந்து அவியுங்கள். இலை ஈரம் விடும், அதனால் மாவுக்கு வழக்கத்தைவிடக் குறைவாகத் தண்ணி தெளிக்க வேண்டும். தெளித்தது கூடினால் களியாகிவிடும். பயறை நன்றாக வடிக்காமல், ஆறவிடாமல் போட்டாலும் இதே கதை. இதற்குச் சீனியும் வாழைப்பழமும் வேண்டாம், கத்தரிக்காய்ப் பிரட்டலோ சுறா வறையோ நன்றாகச் சேரும்.

தட்டை நிரப்பும் ஒழுங்கு

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும்: புடோலங்காய், பீர்க்கங்காய், வெண்டிக்காய், பாகற்காய், பயித்தங்காய், வாழைப்பூ வறை, பொன்னாங்காணி. கால்வாசி மீன், முட்டை, கோழி அல்லது கடலை. மிச்சக் கால்வாசி சோறு. மரவள்ளி, உருளைக்கிழங்கு, வற்றாளை, ஈரப்பலாக்காய், பலாக்கொட்டை இவை மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றின் பங்கில் போகும். சோறும் உருளைக்கிழங்குக் கறியும் பருப்புத் தண்ணியும் சேர்ந்த தட்டில் மரக்கறி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மீனுக்கு விலை கூடிய அறக்குளாவைத் தேடத் தேவையில்லை. சூடை, சாளை, கீரி போன்ற சின்ன மீன்களில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவு புரதம் உண்டு, நல்ல கொழுப்பும் உண்டு. குழம்பாகவோ, வாழையிலையில் சுட்டோ. பொரித்தால் எண்ணெய் கூடும், கருவாட்டில் உப்பு கூடும், இன்சுலின் எதிர்ப்போடு இரத்த அழுத்தமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

ஒரே தட்டை வேறு ஒழுங்கில் சாப்பிட்டாலே சீனி குறைவாக ஏறும். முதலில் கீரையும் மரக்கறியும், அடுத்து மீன், கடைசியில் சோறு. எங்களுக்கு எல்லாவற்றையும் பிசைந்து கவளமாக்கிச் சாப்பிட்டுத்தான் பழக்கம், இந்த ஒழுங்கு செயற்கையாகத் தோன்றும். முழுதாக மாற முடியாவிட்டால், சோற்றில் கைவைக்க முன் வறையில் பாதியையும் ஒரு துண்டு மீனையும் முடித்துவிடுங்கள். தேசிக்காய்ப் புளி, பழப்புளி, புளித்த மோர் போன்ற புளிப்புகள் வயிறு காலியாவதைத் தாமதிக்கும், புளிக்குழம்புக்கு இந்த வகையில் ஒரு நல்ல பெயர் கொடுக்கலாம்.

சாப்பிட்டு முடிந்து அரைமணிக்குள் பத்துப் பதினைந்து நிமிட நடை. நடக்கும் தசை இன்சுலினின் தயவு அதிகம் இல்லாமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். டச் பே கடற்கரை பின்னேரத்துக்கு நல்ல இடம், ஆனால் கணக்குப் பார்த்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கையில் நாலு தரம் போய்வருவதுதான் கூடுதல் பலன் தரும்.

பழமும் இடைத்தீனும்

பழமாகத் தின்னுங்கள், பிழிந்து குடிக்க வேண்டாம். கொய்யா, நெல்லி, விளாம்பழம், பப்பாசி ஒரு கப், சின்ன வாழைப்பழம் ஒன்று, மாம்பழம் என்றால் பாதி. நாளுக்கு இரண்டு முறை போதும். விளாம்பழத்துக்குச் சீனி போட்டால் கணக்கு மாறிவிடும். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் அரைக் கப், பாணி விடாமல், நறுக்கிய பழம் போட்டுச் சாப்பிட்டால் நல்ல பின்னேரச் சாப்பாடு. அவித்த கடலை, கச்சான் ஒரு கைப்பிடி, இவையும் சரி. கைப்பிடி என்றால் மூடிய கை.

இவ்வளவும் செய்தும் எடை இறங்காவிட்டால்

பெரும்பாலும் தேங்காயும் எண்ணெயும்தான். தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120. இரண்டும் சீனியை ஏற்றாது, அதனால் கண்ணில் படாமல் தப்பிவிடும். நாலு பேர் வீட்டுக்கு நாளுக்கு அரைத் தேங்காய்க்குள் சமாளியுங்கள். சொதிக்கு முதற்பாலை விட்டு இரண்டாம் பால் மட்டும் பாவியுங்கள். எண்ணெயைப் போத்தலிலிருந்து ஊற்றாமல் கரண்டியால் அளங்கள். அடுத்த காரணம் கச்சான், மரமுந்திரிகை: "நல்ல கொழுப்பு" என்று பக்கற் கணக்கில் போகும். மூன்றாவது நித்திரை. இரவு ஐந்து மணிநேரம் தூங்குபவருக்கு மறுநாள் பசியும் கூடும், இன்சுலின் எதிர்ப்பும் கூடும்.

வாரத்துக்கு அரைக்கிலோ இறங்கினால் நல்ல வேகம். ஒரே நாளில் ஒரே நேரத்தில், காலையில், வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை நின்றுபோன வாரங்களிலும் இடுப்பு குறையலாம், அளவுநாடாவை விட்டுவிட வேண்டாம்.

குளுக்கோமீற்றரால் உங்கள் பட்டியலைச் செய்யுங்கள்

உலகப் பட்டியலில் உள்ள எண் உங்கள் வீட்டுப் புட்டின் எண் அல்ல. வீட்டில் விரலைக் குத்திச் சீனி பார்க்கும் கருவிதான் குளுக்கோமீற்றர். அதற்கான ஸ்ட்ரிப் விலை கூடியது, எனவே நாளாந்தம் குத்திக்கொண்டிருக்காமல் சந்தேகமான சாப்பாட்டுக்கு மட்டும் செலவழியுங்கள். சாப்பிட முன் ஒன்று, முதற்கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணிநேரத்தில் ஒன்று. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள், விரலில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தாலே அளவு பொய்யாக ஏறும். நீரிழிவு வராதவருக்கு இரண்டு மணிநேர அளவு 140க்குக் கீழே இருக்கவேண்டும். நீரிழிவு உள்ளவருக்குப் பொதுவான இலக்கு 180க்குக் கீழே, உங்கள் வைத்தியர் வேறு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ஐந்து இடியப்பத்துக்கு 190 காட்டினால், இன்னொரு நாள் மூன்று இடியப்பமும் பயறும் மீனும் சாப்பிட்டு அதே நேரத்தில் பாருங்கள். மூன்று மாதத்தில் எச்.பி.ஏ.1.சி செய்தால் மொத்தப் பலனும் தெரியும், அதற்கு முன் செய்வது காசுக்கு நட்டம்.

மருந்து, நோன்பு, சிறுநீரகம்

கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்க முன் கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மருந்து பழைய அளவிலேயே இருந்து மாச்சத்து மட்டும் குறைந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். மெட்போர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து மீற்றரில் 70க்குக் கீழே காட்டினால் அந்த நேரம் குறைந்த கிளைசீமிக் உணவுக்கான நேரம் அல்ல: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சொக்லேற்றும் கடலையும் அப்போது உதவாது, மெதுவாகத்தான் ஏறும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

கந்தசஷ்டி விரதமோ ரமழான் நோன்போ பிடிப்பவர்களும் மருந்து நேரத்தை முன்கூட்டியே வைத்தியரோடு பேசி மாற்றவேண்டும். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் இரண்டு, தண்ணி, பிறகு இறைச்சியும் பயறும் கூடிய கஞ்சி ஒரு கிண்ணம். சமோசாவும் ரோல்ஸும் சர்பத்தும் அதற்கு மேல் சேரும்போதுதான் மாதமுடிவில் எடை கூடுகிறது. சஹருக்குப் பாணைவிட உதிரிச் சோறும் கௌபியும் முட்டையும் நெடுநேரம் தாங்கும்.

பதவிசிறிபுரப் பக்கம் போன்ற, சிறுநீரக நோய் அதிகம் உள்ள இடங்களைச் சேர்ந்தவர்கள் கிரியற்றினின் பரிசோதனை செய்யாமல் இந்த முறையை முழுதாகப் பின்பற்ற வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்குக் கடலை, கீரை, இளநீர் மூன்றிலும் உள்ள பொற்றாசியம் பிரச்சினையாகும், புரத அளவையும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். கர்ப்பிணிகள் எடை குறைக்கும் நோக்கில் சோற்றை வெட்டக்கூடாது. அவர்களுக்கு இதில் பொருந்துவது தட்டின் ஒழுங்கும் குடிப்பானங்களைப் பற்றிய பகுதியும் மட்டுமே, மிச்சத்தைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளவேண்டும்.